அசையும் அழுத்தமும்: போர்ச்சுகீசிய வினைச்சொல் தமிழ்ச் செவியில் பட்ட வரலாறு

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. மேற்கு மலைச் சரிவில் விளைந்து, உலர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு வரும் மணப்பொருள் ஒன்று. அதனை வணிகர் விலை கேட்டு வாங்கும் முறை மற்றொன்று. 'ஏலக்காய் ஏலம் போயிற்று' என்னும் தொடரை இவ்வூரில் சிறுவரும் தடுமாற்றமின்றிச் சொல்வர். காளமேகப் புலவர் இவ்வூருக்கு வந்திருந்தால் இச்சொல்லைச் சிலேடைக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கமாட்டார்.

இவ்விரு ஏலங்களும் ஒரு குலத்தில் பிறந்தவை அல்ல. மணப்பொருளைக் குறிக்கும் ஏலம் தமிழில் நெடுங்காலமாக வழங்குவது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான கணிமேதாவியாரின் 'ஏலாதி' அதன் பெயரையே தலையில் சூடி நிற்கிறது. விற்பனையைக் குறிக்கும் ஏலமோ போர்ச்சுகீசிய மொழியின் 'லெய்லாவ்ங்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அம்மொழியாளர் அதனை அரபு மொழியிலிருந்து பெற்றனர். போடிமெட்டைக் கடந்து கேரளத்துக்குள் இறங்கினால் அதே சொல் மலையாளத்தில் 'லேலம்' என்று ஒலிக்கக் கேட்கலாம். லகரம் மொழிக்கு முதலாகாது என்னும் தமிழ் மரபு மலையின் கிழக்குப் புறத்தில் அந்த முதலெழுத்தை நீக்கியது. மேற்குப் புறத்தில் அது தங்கிவிட்டது.

லகரம் நீங்கியதற்கு இலக்கணம் விடை தருகிறது. ஆயின் அச்சொல்லிலிருந்து மறைந்துபோனது மற்றொன்றும் உண்டு. 'லெய்லாவ்ங்' என்பதில் போர்ச்சுகீசியர் ஊன்றி உரைப்பது கடைசி அசையை. தமிழ் 'ஏலம்' என்பதில் கடைசி அசை குறுகி ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த ஊன்றல் எங்கே போயிற்று? அசையை அழுத்தத்தால் அளக்கும் மொழியும் அசையை மாத்திரையால் அளக்கும் மொழியும் 16ஆம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரையில் எதிரெதிரே நின்ற வரலாற்றை அறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிட்டாது. அவ்வரலாற்றின் நடுவில் இருப்பது வினைச்சொல்.

ஊன்றல் இடம் மாறினால் காலம் மாறும்

போர்ச்சுகீசிய வினைச்சொல் பல உறுப்புகளால் ஆனது. காலம், இடம், எண், எண்ணத்தின் தன்மை அனைத்தையும் ஒரே சொல்லின் ஈறுகள் சுமக்கும். அம்மொழியில் 'பாடு' என்பதற்குரிய வினையைக் காண்போம். தமிழெழுத்தில் அழுத்தத்தைக் காட்டக் குறியீடு இல்லாமையால், அழுத்தம் பெறும் அசை இங்கு நெடிலாகவும் ஏனையவை குறிலாகவும் எழுதப்படுகின்றன.

'கான்-து' என்றால் 'பாடுகிறேன்'. அழுத்தம் வேரின்மேல் நிற்கிறது. 'கன்-தா-முஸ்' என்றால் 'பாடுகிறோம்'; அழுத்தம் வேரை விட்டு ஈற்றுக்கு நகர்ந்துவிட்டது. 'கன்-தா-வ-முஸ்' என்பது 'பாடிக்கொண்டிருந்தோம்' என்னும் பொருளது. 'கன்-தா-செ-முஸ்' என்பது 'நாம் பாடினால்' என்னும் எண்ணப் பொருளைத் தருவது. 'கன்-த-ரீ-அ-முஸ்' என்பது 'பாடியிருப்போம்' என்பது போன்ற நிபந்தனைப் பொருளது. அழுத்தம் சொல்லுக்குள் முன்னும் பின்னும் நடைபயில்கிறது. எனினும் தனிச்சொல்லாயின் இறுதி மூன்று அசைகளுக்குள் அது அடங்கியாக வேண்டும் என்பது அம்மொழியின் பொது நியதி.

இந்த நடை வெறும் ஓசை அழகன்று. 'கன்-தா-ர' என்றால் 'அவன் பாடியிருந்தான்' என்னும் இறந்தகாலம். 'கன்-த-ரா' என்றால் 'அவன் பாடுவான்' என்னும் எதிர்காலம். எழுத்துகள் அவையே, அசைகளின் எண்ணிக்கையும் அதுவே. ஊன்றல் ஓர் அசை தள்ளி விழுந்ததும் சென்ற காலம் வருங்காலமாகிவிடுகிறது. 'அவர்கள் பாடினார்கள்', 'அவர்கள் பாடுவார்கள்' என்னும் இரண்டும் அவ்வாறே. முன்னதில் இரண்டாம் அசையும் பின்னதில் மூன்றாம் அசையும் அழுத்தம் பெறும்.

இவற்றினும் வியப்பானது வினைச்சொல்லின் நடுவே வேறொரு சொல் புகுவது. 'அவனுக்குப் பாடுவோம்' என்பதை எழுத்து வழக்கில் 'கன்-தர்-ல்யெ-ஏ-முஸ்' என்பர். 'கன்தர்' என்பது வினையின் அடி. 'ல்யெ' என்பது 'அவனுக்கு'. 'ஏமுஸ்' என்பது எதிர்கால ஈறு. அடிக்கும் ஈற்றுக்கும் இடையில் 'அவனுக்கு' என்பது ஆப்பு அடித்தாற்போல் அமர்கிறது. அம்மொழியின் எதிர்காலம் முற்காலத்தில் இரண்டு சொற்களாய் இருந்து பின் ஒன்றானது என்பதே இதற்குக் காரணம். 'பாட' என்பதும் 'உடையோம்' என்பதும் ஒட்டிப் பிறந்தது அது. ஒட்டிய இடம் முழுதும் மூடிப்போகாமையால் பிறிதொரு சொல் நுழைய வழி இருந்தது. இன்று பிரேசில் நாட்டுப் பேச்சில் இவ்வடிவம் வழக்கொழிந்தது. போர்ச்சுகலில் உயர்ந்த நடையில் மட்டும் காணப்படுகிறது. 'பாடியிருக்கிறேன்' என்பதைப் 'பாடித்தான் இருக்கிறேன்', 'பாடியும் இருக்கிறேன்' என்று பிளந்து நடுவே இடைச்சொல் சேர்க்கும் தமிழர்க்கு இது முற்றும் புதிதன்று.

'ல்யெ' போன்ற சிறுசொற்கள் தமக்கென அழுத்தம் இல்லாதவை; அண்டையிலுள்ள வினையின் அழுத்தத்தில் ஒதுங்கி வாழ்பவை. 'கன்-தா-வ-முஸ்-ல்யெ', அதாவது 'அவனுக்குப் பாடிக்கொண்டிருந்தோம்' என்னும்போது அழுத்தத்துக்குப் பின் மூன்று அசைகள் தொடர்கின்றன. மூன்று அசை எல்லை மீறப்பட்டதுபோல் தோன்றும். மீறியது சொல்லன்று, அதன் தோளில் ஏறிய விருந்தாளியே எல்லையைக் கடந்தது.

மாத்திரை மாறினால் சொல் மாறும்

தமிழ் யாப்பு அசையை அழுத்தத்தால் அளப்பதில்லை. குறில் தனித்தோ ஒற்றடுத்தோ வருவது நேர்; நெடிலும் அவ்வாறே. குறிலிணையும் குறில்நெடிலும் நிரை. அமிதசாகரரின் யாப்பருங்கலமும் காரிகையும் இதனையே பிள்ளைப் பாடமாக வைத்தன. 'பாடினோம்' என்பது நேரும் நிரையுமாய்க் கூவிளம். 'பாடுவோம்' என்பதும் கூவிளம். ஆகவே தமிழ்க் கவிஞன் இறந்தகாலத்தை எதிர்காலமாக மாற்றினாலும் அச்சீர் குலைவதில்லை. போர்ச்சுகீசியக் கவிஞனுக்கு அந்த உரிமை இல்லை. 'பாடினார்கள்' என்பதைப் 'பாடுவார்கள்' என்று அவன் மாற்றினால் அசையெண் மாறாவிடினும் ஊன்றல் இடம்பெயர்ந்து அடியின் ஓசை முறியும்.

'வந்தான்' என்பதில் எந்த அசையை ஒருவர் ஊன்றிச் சொன்னாலும் வந்தவன் வந்தவனே. ஆயின் மாத்திரை மாறினால் தமிழ்ச் சொல் வேறாகிவிடும். 'கெடு' என்பது வினை. 'கேடு' என்பது பெயர். 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் அத்தகையன. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் இதற்குப் பெயரிட்டது. 'கெடு' என்பது நிரையசை. 'கேடு' என்பதில் நெடில் முன்னே தனித்து நின்றுவிடுகிறது. வினை பெயராகும்போது அசையும் வேறாகிறது. போர்ச்சுகீசியத்தில் ஊன்றல் செய்யும் வேலையைத் தமிழில் நீட்டல் செய்கிறது எனலாம்.

இரு மொழிகளுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. இரண்டும் தம் உயிர்நாடியை எழுத்தில் காட்டாமலே நெடுங்காலம் எழுதி வந்தன. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பினும், ஓலையில் எழுதியோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் கைவிட்டனர். அதனால் 'கெடு' என்பதும் 'கேடு' என்பதும் ஓலையில் ஒரே வடிவமாய் நின்றன. எது வினை, எது பெயர், எது நிரை, எது நேர் என்று படிப்பவரின் செவியே தீர்ப்பளித்தது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தை நீக்கிய பெருமை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியரான வீரமாமுனிவரைச் சேரும் என்பது யாவரும் அறிந்ததே.

போர்ச்சுகலிலும் இதே நிலைதான். 16ஆம் நூற்றாண்டு ஏடுகளில் அழுத்தக் குறி இட்ட இடமும் உண்டு, இடாத இடமும் உண்டு. 'பாடியிருந்தான்', 'பாடுவான்' என்னும் இரண்டையும் ஒரே எழுத்துக்கோவையாக எழுதிவிட்டுப் படிப்பவரின் செவிக்கு விட்டனர். அந்நாட்டின் முதல் இலக்கண நூலைப் பெர்னாவ் தெ ஒலிவெய்ரா 1536இல் வெளியிட்டார். அடுத்து 1540இல் ஜொவாவ் தெ பாரோஸ் தம் இலக்கணத்தை வெளியிட்டார். எழுத்து, அசை, அழுத்தம் ஆகியவை அவர்தம் நூல்களில் ஆராயப்பட்டன. எனினும் அழுத்தக் குறியை அரசு வழியாக ஒழுங்குபடுத்திய பெரிய எழுத்துச் சீர்திருத்தம் 1911இல்தான் வந்தது.

தன் மொழியின் அளவுகோல் தன் ஏட்டில் எழுதப்படாத நிலையில், பிறமொழியின் அளவுகோலை ஒருவர் எவ்வாறு கண்டுகொள்வார்? முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியத் துறவியர் முன் நின்ற கேள்வி இதுவே.

ஒரு வினைச்சொல்லின் விலை

சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இரு மொழியும் சிறிது அறிந்தோரைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடமாக ஓதினார், ஓதுவித்தார். பொருளை ஆராய வழியில்லாமல் ஓசையை மட்டும் நம்பிய முயற்சி அது. 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில் அவர் ஒரு திருத்தத்தைச் சொல்ல நேர்ந்தது. நம்பிக்கை அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று ஓதப்பட்டு வந்ததை நிறுத்தி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லால் ஓத வேண்டும் என்பது அத்திருத்தம். 'வேணும்' என்பது விரும்புவதைக் குறிப்பது, நம்புவதை அன்று என்று காரணமும் காட்டினார். ஊர் ஊராகக் கூடிநின்று மக்கள் அதுவரை ஓதியது நம்பிக்கை அறிக்கையன்று, வேண்டுதல் அறிக்கை. பிழை புகுந்த இடம் வினைச்சொல்.

இந்நிலையில் வந்தவர் அண்டிறீக்கி அடிகளார். போர்ச்சுகலின் வில விசோசா ஊரில் 1520இல் பிறந்தவர். யூதக் குடியிலிருந்து கிறித்தவம் தழுவிய மரபினர். 1546இல் இந்தியா வந்து, 1547 முதல் 1600இல் மறையும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் முத்துக்குளித்துறையில் வாழ்ந்தார். மனப்பாடத்தை விட்டு இலக்கணத்தைத் தேடியவர் அவர். தமிழ் வினைகளும் பெயர்களும் எவ்விதிக்கு உட்பட்டுத் திரிகின்றன என்று தொகுக்கத் தொடங்கியதை 1548, 1549ஆம் ஆண்டுகளில் ரோமுக்கு விடுத்த மடல்களால் அறிகிறோம்.

அம்முயற்சியின் விளைவு போர்ச்சுகீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம். அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. செருமானிய அறிஞர் ஹான்ஸ் பெர்மியர் 1982இல் அதனைப் பதிப்பித்தார். ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகிய இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஆர்வர்டு கீழ்த்திசை வரிசையில் வந்தது. அண்டிறீக்கியார் கண்டது நன்னூலின் செந்தமிழை அன்று, கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழை. அவர் கையில் இருந்த அச்சு இலத்தீன் இலக்கணத்தின் அச்சு. அதில் தமிழ் வினையை வார்க்க முயன்றபோது சில இடங்களில் பொருந்தியது, சில இடங்களில் பிதுங்கியது.

'கன்-தா-செ-முஸ்' என்று ஒரே சொல்லில் 'நாம்' என்பதையும் 'பாடினால்' என்பதையும் அடக்கும் செவிக்குத் தமிழின் 'பாடினால்' வியப்பளித்திருக்கும். நான், நீ, அவர் யாராயினும் அவ்வெச்சம் மாறாது. மறுபுறம், 'கன்-தார்-முஸ்' என்று எச்சத்துக்கே இடமும் எண்ணும் சேர்க்கும் அரிய வழக்கம் போர்ச்சுகீசியத்துக்கு உண்டு. தமிழில் 'நாங்கள் பாட' என்று எழுவாயைத் தனியே நிறுத்தி வைப்பதற்கு அது நெருங்கி வருகிறது. ஐரோப்பிய மொழிகளுள் எச்சத்தில் ஆளைக் காட்டும் மொழி அரிது. அம்மொழிக்காரர் ஒருவர் தமிழின் செய என் எச்சத்தை முதலில் ஆராய நேர்ந்தது நற்பேறு எனலாம்.

இதற்கிடையே 1554இல் லிஸ்பனில் தமிழ் மன்றாட்டு நூலொன்று உரோமன் எழுத்தில், போர்ச்சுகீசியத்துடன் அச்சானது. தமிழெழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலின் முகப்பில் நூலாசிரியர் பெயர் 'அண்டிறீக்கி' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

பெயரின் இந்த எழுத்துக்கோவையை யாப்பறிந்தோர் ஊன்றி நோக்க வேண்டும். 'என்றிக்கெ' என்னும் அப்பெயரில் போர்ச்சுகீசியர் அழுத்துவது நடு அசையாகிய 'றி' என்பதை. தமிழில் எழுதியவர் அதனை 'றீக்' என்று நெடிலாக்கி ஒற்றும் அடுக்கியிருக்கிறார். முன்னும் பின்னும் உள்ள அசைகள் குறிலாகவே நின்றன. ஊன்றலை எழுதத் தமிழில் எழுத்தில்லை. நீட்டலை எழுத உண்டு. எனவே ஊன்றலை நீட்டலாகப் பெயர்த்துக்கொண்டது தமிழ்ச் செவி. மேலே அழுத்தத்தைக் காட்ட இக்கட்டுரையில் கைக்கொண்ட உத்தி நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் கண்ட வழிதான்.

சொற்கள் தரும் சான்று

ஒரு பெயரை மட்டும் கொண்டு விதி வகுத்தல் முறையாகாது. தமிழில் தங்கிய போர்ச்சுகீசியச் சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் உண்மை தெளிவாகும். சாவி, மேசை, பேனா, பீப்பாய், கோப்பை, பாதிரி ஆகியவற்றில் மூலமொழியின் அழுத்தம் முதலசையில். தமிழிலும் முதலசையே நெடில். பொத்தான், துவாலை, அன்னாசி, அலமாரி, கடுதாசி, அலவாங்கு ஆகியவற்றில் மூலமொழியின் அழுத்தம் உள்ளே தள்ளி விழுகிறது. தமிழின் நெடிலும் சரியாக அவ்விடத்திலேயே விழுகிறது. கடப்பாரைக்கு ஈழத்தில் வழங்கும் 'அலவாங்கு' என்பதில் 'வாங்' என்பதும், அலமாரியில் 'மா' என்பதும் போர்ச்சுகீசிய நாவு ஊன்றிய இடங்களே. இவ்விரண்டும் யாப்பில் புளிமாங்காய் ஆகின்றன. அயல்நாட்டு ஊன்றல் காய்ச்சீரின் நடுவே நேரசையாய்க் குடியேறியிருக்கிறது.

விதிக்கு அடங்காதனவும் உண்டு. 'ஜன்னல்' என்பதன் மூலச் சொல்லில் அழுத்தம் நடு அசையில். தமிழில் அது மறைந்து முதலசை ஒற்றடுத்து வலுப்பெற்றது. 'குசினி' என்பதிலும் ஊன்றல் நீளவில்லை. தொடக்கத்தில் நாம் கண்ட 'ஏலம்' இவ்வகையது.

இச்சொற்கள் யாவும் பெயர்ச்சொற்கள் என்பது இவ்வரலாற்றின் தலையாய செய்தி. மேசை வந்தது, அதனைச் செய்யும் வினை வரவில்லை. சாவி வந்தது, 'திற', 'பூட்டு' என்பன தமிழாகவே நின்றன. காரணம் இப்போது விளங்கும். பெயர்ச்சொல்லில் ஊன்றல் ஓரிடத்தில் அசையாது நிற்கும். அதனை நீட்டலாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். வினையிலோ ஊன்றல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். இடம் மாறும் ஊன்றலை நெடிலாக எழுதத் தொடங்கினால் ஒரே வினை பத்துச் சொல்லாகச் சிதறிவிடும். தமிழ் வினைக்கோ வேர் நிலையானது. ஈறுகள் வரிசையாக வந்து ஒட்டும்.

போர்ச்சுகீசியமே தமிழர் நடுவில் குடியிருந்த இடத்தில் நிகழ்ந்தது இதனை வலியுறுத்துகிறது. ஈழத்தின் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சில குடும்பங்களில் வழங்கும் போர்ச்சுகீசியக் கலப்புமொழியைக் கோவாவைச் சேர்ந்த செபஸ்தியாவ் ரொதொல்பு தல்காது 1900இல் நூலாக ஆராய்ந்தார். பின்னர் 1970களில் அயன் சுமித் மட்டக்களப்பு வழக்கை ஆராய்ந்தார். அம்மொழியில் மேற்சொன்ன ஈறுகளின் அணிவகுப்பு முழுதும் உதிர்ந்துபோயிற்று. வினை ஒரே வடிவில் நிற்க, முன்னால் ஒரு சிறுசொல் காலத்தைக் காட்டுகிறது. 'முன்னமே' என்னும் பொருளுடைய சொல் இறந்தகாலத்துக்கும், 'விரைவில்' என்னும் பொருளுடைய சொல்லின் சிதைவு எதிர்காலத்துக்கும் குறியாயின. சொற்றொடரில் வினை தமிழிற்போல் இறுதிக்குச் சென்றது. இடம்பெயரும் ஊன்றலால் காலம் காட்டும் வித்தை அங்கே தேவையற்றதாயிற்று. போர்ச்சுகீசியர் ஈழத்தை விட்டு 1658இல் நீங்கிய பின்னும் அவர்தம் மொழி வாழ்ந்தது. அவர்தம் வினைத்திரிபு வாழவில்லை.

அடியின் இறுதியில்

கவிதையில் இவ்விரு அளவுகோல்களும் எங்கே நெருங்குகின்றன என்பதும் கருதத்தக்கது. கமோய்ஷ் 1553இல் இந்தியா வந்தார். அவருடைய பெருங்காப்பியம் 'லூசியாதஸ்' 1572இல், அதாவது 'தம்பிரான் வணக்க'த்துக்கு ஆறு ஆண்டு முன்னர் அச்சானது. 1102 செய்யுள்களைக் கொண்ட அந்நூலின் அடி பத்து அசை உடையது. பெரும்பாலும் ஆறாம் அசையிலும் பத்தாம் அசையிலும் அழுத்தம் விழும். பத்தாவது அழுத்தத்துக்குப் பின் ஓரசை மெலிந்து தொங்கினால் இன்று அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசி அழுத்தத்தோடு எண்ணிக்கையை நிறுத்தும் இம்முறையை 1851இல் கஸ்தீல்யு தம் யாப்பு நூலில் நிலைநாட்டினார்.

வெண்பாவின் ஈற்றுச்சீரை நினைவுகூர்வோர்க்கு இதன் நுட்பம் உடனே புலப்படும். காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஈற்றில் ஒட்டும் குற்றியலுகரம் முழு அசையாக எண்ணப்படாமல் முன்னசையோடு அடங்கிவிடுகிறது. அடி முடியும் இடத்தில் மெலிந்த உயிருக்கு எடையில்லை என்று இரு நாட்டுப் புலவரும் தனித்தனியே கண்டனர். சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் இரண்டு உயிர்கள் கூடினால் போர்ச்சுகீசியர் அவற்றை ஓரசையாக உருக்கிக்கொள்வர். குற்றியலிகரம் வந்து தளை கெடுமாயின் அதற்கு அலகு தராமல் விடுவர் தமிழர். வேறுபாடு ஒன்று உண்டு. மெலிவை அரை மாத்திரை என்றும் கால் மாத்திரை என்றும் அளந்து பெயரிட்டது தமிழிலக்கணம். இன்றைய போர்ச்சுகலின் பேச்சில் அழுத்தம் பெறாத உயிர்கள் ஏறத்தாழ விழுங்கப்பட்டுவிடுகின்றன. எழுத்தில் நான்கசையாய் இருக்கும் வினை செவிக்கு இரண்டசையாய் வந்து சேர்வதும் உண்டு.

அசை பிரிப்பதிலும் எழுத்துக்கும் ஓசைக்கும் இடையே அங்கே பிணக்கு உண்டு. 'கன்-தா-செ-முஸ்' என்பதில் சகர ஒலி ஒன்றே. ஆயின் எழுத்தில் அது இரட்டிப்பதால் வரி முடிவில் சொல்லை முறிக்கும்போது ஒன்றை இப்புறமும் ஒன்றை அப்புறமும் வைப்பர். தமிழில் 'பட்டம்' என்பதை அலகிடும்போது ஒற்று முன்னசையிலும் உயிர்மெய் பின்னசையிலும் சேர்வது ஓசைக்கே உரிய உண்மை. கைக்கு மட்டும் உரிய வழக்கன்று.

மீண்டும் ஏலம்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். 'பொத்தான்' என்பது மூல ஊன்றலை நெடிலாகக் காத்துக்கொண்டது. அதனால் அதன் அயல்மை செவிக்குச் சிறிதேனும் புலப்படுகிறது. 'லெய்லாவ்ங்' என்பது வேறு வழியில் சென்றது. மரம், பழம், பாரம் என்னும் அம்மீற்றுப் பெயர்களின் கூட்டத்தில் அது சேர்ந்துகொண்டது. அக்கூட்டத்தில் ஈற்றசை நீள்வது வழக்கமில்லை. ஊன்றலைக் கைவிட்டுத் தேமாவாகிய பிறகு மலைச்சரக்கின் பெயரோடு அதற்கு எழுத்தாலும் ஓசையாலும் வேறுபாடே இல்லாமற்போயிற்று. மேற்கே லேலம் என்பதும் அவ்வாறே அம்மீற்றை ஏற்றது.

போடிநாயக்கனூரிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. விலை கூவும் குரல் அடங்கிவிட்டது. எனினும் அவ்வணிகத்தின் மொழி மாறவில்லை. 'ஏலம் விட்டார்கள்', 'ஏலம் எடுத்தார்', 'ஏலம் போயிற்று' என்றே இன்றும் சொல்கிறார்கள். பெயர் கடல் கடந்து வந்தது. விடுதலும் எடுத்தலும் போதலும் இம்மண்ணின் வினைகள். காலத்தையும் ஆளையும் காட்டும் பொறுப்பை அவையே சுமக்கின்றன.

பிறமொழிப் பெயர்கள் மிகுதியாகப் புகுவது கண்டு தமிழ் அழியுமோ என்று அஞ்சுவோர் எக்காலத்தும் உண்டு. அவ்வச்சத்தை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் ஒரு மொழியின் காவல் அதன் வினைச்சொல்லிலும், அவ்வினையை அளக்கும் செவியிலும் இருக்கிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கெடு என்பதற்கும் கேடு என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுத்து மறந்த நூற்றாண்டுகளிலும் பாடியவரின் செவி மறக்கவில்லை. 'வேணும்' என்பது வேறு, நம்புதல் வேறு என்று ஓர் அயல்நாட்டார் உணர்ந்து திருத்தியதும், மற்றொருவர் ஐம்பதாண்டு இருந்து கற்றதும், தம் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு இம்மக்களின் செவியைக் கடன் கேட்ட பிறகே. செய்யுள் இயற்றுவோர் தம் நூலில் அயற்சொல் ஒன்றை அமைக்க நேரும்போது, அதனை அலகிட்டுப் பார்ப்பது நன்று. நெடிலாய் நிற்கும் அசையில் தொலைநாட்டு நாவொன்று ஊன்றிய தடம் இருக்கக்கூடும். அச்சொல்லை அடுத்து வரும் வினை தமிழாய் இருக்குமாயின் அவ்வடி தமிழாகவே நடக்கும்.